வென்ற அணியும் விடுபட்ட வீரனும்

வென்றவனுக்கு ஓய்வுண்டு, அவனைத் தெரிந்தெடுத்தவனுக்கு ஓய்வில்லை. ஆட்டம் முடிந்து ஆரவாரம் அடங்கு முன்னரே, அடுத்த கிழமை எவரை ஆடவிடுவது, எவரை நிறுத்திவைப்பது என்னும் வினா எழுந்துவிடுகின்றது. தோற்ற அணிக்கு இவ்வினா அத்துணைக் கடிதன்று. குறை கண்ணெதிரே கிடக்கும். களைய வேண்டியதைக் களைந்தாற் போதும். வென்ற அணிக்கே இவ்வினா பேரிடர் தருவது. அங்கே எவரும் குற்றஞ் செய்தாரல்லர்; எல்லாரும் வெற்றியிற் பங்குடையோர். எனினும் காயம் ஆறித் திரும்பும் வீரனுக்கு இடம் வேண்டும்; இடம் வேண்டுமாயின் ஒருவன் விலகல் வேண்டும். அவன் எவன்? அவனுக்கு அதனை எவ்வாறு சொல்வது? இவ்விரு வினாக்களையும் பற்றிச் சில கருத்துக்களை இம்மலரில் முன்வைக்க விழைகின்றோம்.

தமிழாசிரியருக்கும் உதைபந்துக்கும் என்ன உறவு என்று மாணவருட் சிலர் நகைத்தல் கூடும். மொழி கற்பிப்போருக்கு, மனிதர் மனம் விட்டுப் பேசும் இடமெல்லாம் உரிய இடமே. அத்தகைய இடங்களுள் ஆட்டக்களத்தின் ஓரமும் ஒன்று. சபையிற் சொல்லெண்ணிப் பேசும் பெரியோரும் ஆங்கே தம்மை மறந்து உண்மை பேசிவிடுவர்.

எமது கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்று அவுஸ்திரேலியாவில், சிறப்பாக மெல்பேண், சிட்னி ஆகிய மாநகரங்களிற் குடியமர்ந்துள்ளனர். ஊர் வருங்கால் அவர்கள் முதலிற் கல்லூரியை நலம் விசாரிப்பர். அடுத்துத் தம் மக்களின் கல்வியைப் பற்றிக் கூறுவர். மூன்றாவதாக, அந்நாட்டார் ‘ஃபூற்றி’ என்று செல்லமாக அழைக்கும் தம் நாட்டு உதைபந்தாட்டத்தைப் பற்றித் தொடங்குவர். தொடங்கினால் எளிதில் நிறுத்தார். ஒருவர் கொலிங்வுட் கழகத்தார். மற்றவர் றிச்மண்ட் கழகத்தார். கல்லூரி நாட்களில் ஒரே வாங்கில் அமர்ந்தோர் இதன்பொருட்டு எதிரெதிர்க் கட்சியாகி வாதிடுவதைக் கேட்டல் சுவையுடையது. சுவை மட்டுமன்று, அவ்வாதங்களிற் சிந்தனைக்குரிய பொருளும் உண்டென்பதே எம் கருத்து.

அவ்வாட்டத்தை அறியாத வாசகர்பொருட்டு அதன் இயல்பைச் சுருங்கக் கூறுதல் தகும். அதன் விதிகள் 1859 ஆம் ஆண்டில் மெல்பேண் நகரில் முதன்முதல் எழுதப்பட்டன. களம் முட்டை வடிவினது, பந்தும் அவ்வடிவினதே. ஒவ்வோர் அணியிலும் களத்தில் ஒரே வேளையிற் பதினெண்மர் ஆடுவர். பந்தைக் காலால் உதைக்கலாம்; கையில் வைத்து மறுகையின் முட்டியாற் குத்தித் தோழனுக்கு அனுப்பலாம்; எறிதல் ஆகாது. களத்தின் இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள் நாட்டப்பட்டிருக்கும். நடுவிலுள்ள இரண்டினூடே உதைத்துச் செலுத்தினால் அது ‘கோல்’. அதற்கு 6 புள்ளிகள். பக்கக் கம்பங்களினூடே சென்றால் ‘பிஹைண்ட்’. அதற்கு 1 புள்ளி. ஆகவே ஆட்டத்தின் முடிவை மூன்று எண்களாற் குறிப்பர். 2023 ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் கொலிங்வுட் 12 கோலும் 18 பிஹைண்டும் பெற்று 90 புள்ளிகள் ஈட்டியது. பிறிஸ்பேன் 13 கோலும் 8 பிஹைண்டும் பெற்று 86 புள்ளிகள் ஈட்டியது. கோல் எண்ணிக்கையில் மிக்கவர் தோற்றனர். குறைந்தவர் கிண்ணம் கொண்டனர். இவ்வாட்டத்தில் வெற்றி எத்துணை மெல்லிய நூலில் தொங்குவது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

1897 ஆம் ஆண்டில் விக்ரோறியா மாநிலத்தில் எட்டுக் கழகங்களுடன் தொடங்கிய போட்டித் தொடர், 1990 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு என்னும் பெயரை மேற்கொண்டது. 2025 ஆம் ஆண்டில் அதிற் பதினெட்டுக் கழகங்கள் ஆடின. மார்ச்சு மாதத்தில் தொடங்கும் பருவம் செப்டெம்பரின் இறுதியில் முடிவுறும். ஒவ்வொரு கழகத்திலும் நாற்பதுக்கு மேற்பட்ட வீரர் சம்பளம் பெற்றுப் பயிலுவர். ஆனால் ஒரு போட்டிக்குத் தெரிவாவோர் அவருட் பாதியினரே. எஞ்சியோர் இரண்டாந் தர அணியில் ஆடித் தம் முறை வருமென்று காத்திருப்பர். கழகத்தின் அங்கத்தவராகச் சந்தா செலுத்தி அதனைத் தம் குலதெய்வம் போலப் பேணும் ஆதரவாளர் தொகையோ மிகப் பெரிது. 2018 ஆம் ஆண்டில் றிச்மண்ட் கழகத்தின் அங்கத்தவர் தொகை ஓர் இலட்சத்தைக் கடந்தது. இத்துணை மக்கள் கிழமைதோறும் தெரிவாளராக மாறிவிடும்போது, உண்மைத் தெரிவாளரின் நிலை இரங்கத்தக்கதே.

வென்ற கிழமையில் இவ்வாதரவாளர் மூன்று கட்சியாகப் பிரிவர். முதற் கட்சியார், “வென்ற அணியைத் தொடாதே” என்பர். இரண்டாங் கட்சியார், “காயம் ஆறிய மூத்த வீரனை உடனே அழை, அவனுக்கு ஒப்பார் இல்லை” என்பர். மூன்றாங் கட்சியார், “இரண்டாந் தர அணியில் ஒளிவிடும் இளைஞனுக்கு வழிவிடு, நாளைய அணி அவனே” என்பர். மூவர் கூற்றிலும் நியாயம் உண்டு. மூவர் கூற்றும் முழு நியாயம் ஆகா.

முதற் கட்சியை எடுத்துக்கொள்வோம். பல கிழமை ஒருங்கே ஆடியோர் ஒருவர் குறிப்பை ஒருவர் கண்ணசைவால் அறிவர். அவ்விணக்கம் எளிதில் வாராது. ஒருவனை மாற்றினாலும் அது கலங்கக்கூடும். மேலும், கடமையை நிறைவேற்றியவனை நீக்குதல் மற்றையோர் உள்ளத்திலும் ஐயத்தை விதைக்கும். இவை வலிய காரணங்கள். ஆயினும், வெற்றியானது குறையை நீக்குவதில்லை, மறைக்கவே செய்கின்றது. எதிரணியார் கம்பத்தை நோக்கி உதைத்த பந்துகள் பல சற்றே விலகிச் சென்றமையால் வந்த வெற்றியும் உண்டன்றோ? அவ்வெற்றியை நம்பி அதே காவல்வரிசையை மீண்டும் நிறுத்துதல், ஓட்டைக் கூரையின் கீழ் இருந்துகொண்டு மழை பெய்யவில்லை என்று மகிழ்தலை ஒக்கும். கடந்த ஆட்டத்தின் வெற்றி கடந்த எதிரிக்கு அளித்த விடை. வரும் எதிரியோ வேறு வினாவோடு வருவான்.

இரண்டாங் கட்சியாரின் கூற்றை நிறுத்துப் பார்ப்பதற்கு அண்மைக் காலத்து இறுதிப் போட்டிகள் இரண்டு பெரிதும் துணைசெய்வன. 2024 ஆம் ஆண்டின் இறுதிப் போட்டிக்குச் சிட்னி கழகம் தன் முன்வரிசை வீரர் லோகன் மக்டொனால்டைத் தெரிவுசெய்தது. அவர் கணுக்காற் காயத்தோடு போராடிக்கொண்டிருந்தவர். ஆட்டத்தின் நடுவே அவரை வெளியே அழைத்துப் பதிலாளை அனுப்ப நேர்ந்தது; பிறிஸ்பேன் 120 புள்ளிகளும் சிட்னி 60 புள்ளிகளுமாக ஆட்டம் முடிந்தது. “காயக்காரனை ஏன் சேர்த்தீர்?” என்று சிட்னி ஆதரவாளர் கொதித்தனர். அடுத்த ஆண்டு, அதே பிறிஸ்பேன் கழகம் ஜீலோங் கழகத்தை எதிர்த்து இறுதிப் போட்டியில் இறங்கியது. கெண்டைக்காற் காயத்துக்கு ஆளாகியிருந்த லாக்கி நீல் என்னும் முதன்மை வீரரை அது அணியிற் சேர்த்தது. அவர் இடைவேளையின் பின் களமிறங்கி நன்கு ஆடினார். பிறிஸ்பேன் 122 புள்ளிகளுக்கு 75 புள்ளிகள் என வென்றது. “என்னே துணிவு!” என்று புகழாதார் இல்லை.

ஒரே வகைத் தீர்மானம். ஓராண்டில் மடமை, மறு ஆண்டில் மதிநுட்பம்! முடிவை மட்டும் பார்ப்போருக்கு இதற்கு மேற் சொல்வதற்கொன்றுமில்லை. காரணத்தைப் பார்ப்போருக்கோ ஒரு வேறுபாடு புலனாகும். பிறிஸ்பேன் கழகம் நீலைத் தொடக்கத்திலேயே களத்தில் இறக்கவில்லை, பதிலாளாகவே வைத்தது. அவர் கால் இடங்கொடாவிடினும் அணி சிதையாதிருக்க அது வழிசெய்திருந்தது. சிட்னியோ முழு ஆட்டத்தின் பாரத்தையும் தாங்கவேண்டிய இடத்தில் ஐயத்துக்குரிய ஒருவரை வைத்தது. இவ்வேறுபாடு ஆட்டம் தொடங்குமுன்னரே இருந்தது; முடிவு வந்த பின் முளைத்ததன்று. தெரிவின் நன்மை தீமைகளைத் தேடவேண்டிய இடம் இதுவே. வெற்றி, தெரிவுக்குச் சான்று ஆகாது. தோல்வி, தெரிவுக்குக் குற்றப்பத்திரமும் ஆகாது.

இதனை இன்னுமோர் எடுத்துக்காட்டால் வலியுறுத்துவோம். 2010 ஆம் ஆண்டு செப்டெம்பர் 25 ஆம் நாள் கொலிங்வுட், சென் கில்டா ஆகிய இரு கழகங்களும் இறுதிப் போட்டியில் 68 புள்ளிகளுக்கு 68 புள்ளிகள் எனச் சமநிலையில் நின்றன. அக்காலத்து விதிப்படி அடுத்த கிழமை மீண்டும் ஆடவேண்டியதாயிற்று. கொலிங்வுட் பயிற்றுநர் மிக் மோல்ட்ஹவுஸ், நெடுங்காலம் அணிக்கு உழைத்த லியோன் டேவிசை நீக்கி, ரைசன் கோல்ட்சாக் என்னும் இளைஞரைச் சேர்த்தார். மறு ஆட்டத்தின் முதற் கோலைப் போட்டவர் அக்கோல்ட்சாக்கே. கொலிங்வுட் 108 புள்ளிகளுக்கு 52 புள்ளிகள் என வென்றது. “பார்த்தீரா பயிற்றுநரின் கண்ணை!” என்று ஊர் முழுதும் பேசியது.

கோல்ட்சாக்கின் பெருமையை நாம் குறைக்க முற்படவில்லை. ஆனால் அவ்வெற்றி 56 புள்ளி வேறுபாட்டில் வந்தது. ஒரு கோலுக்கு 6 புள்ளிகளாயின், ஒரு வீரரை மாற்றியமையால் வந்த வெற்றி இது என்று கணக்கறிந்தோர் சொல்வரோ? டேவிஸ் ஆடியிருப்பினும் கொலிங்வுட் வென்றிருத்தல் கூடும். அதற்கு மேலும் ஒன்று: அடுத்த 2011 ஆம் ஆண்டில், நாடு முழுவதுமுள்ள கழகங்களின் வீரருட் சிறந்தோரைத் தெரிந்து அமைக்கும் அகில அவுஸ்திரேலிய அணியில் டேவிசுக்கு இடங் கிடைத்தது. அதுவும் முன்வரிசையிலன்று, காவல்வரிசையில். ஒரு கிழமையில் வேண்டாதவராகக் கருதப்பட்டவர் மறு ஆண்டில் நாட்டின் தலைசிறந்தோருள் ஒருவரானார். நீக்கம் என்பது ஒரு நாளின், ஒரு பணிக்கான தீர்ப்பு. மனிதன் மீதான தீர்ப்பன்று. இதனை நீக்குவோரும் நீக்கப்படுவோரும் நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.

ஆயினும் நீக்கப்பட்டோர் எல்லாருக்கும் மறு ஆண்டு அவ்வாறு வாய்ப்பதில்லை. 1993 ஆம் ஆண்டில் எசென்டன் கழகத்தின் டெரெக் கிக்கெற் அப்பருவத்தின் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆடியவர். இறுதிப் போட்டி ஒன்றே எஞ்சியிருந்தது. அதற்குப் பயிற்றுநர் கெவின் ஷீடி அவரைத் தெரிவுசெய்யவில்லை. எசென்டன் 133 புள்ளிகள் பெற்று, 89 புள்ளிகள் பெற்ற கார்ல்ரனை வென்றது. கிக்கெற் அடுத்த ஆண்டே சிட்னிக்குப் பெயர்ந்தார். 1996 ஆம் ஆண்டில் அவ்வணியோடு இறுதிப் போட்டியில் ஆடினார். அன்று வென்றதோ வட மெல்பேண். ஆகவே வெற்றிப் பதக்கம் அவர் கழுத்தில் ஏறவேயில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் மெல்பேணில் இறுதிப் போட்டி அணியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கிக்கெற்றின் பெயரும் எழுகின்றது. அவ்வாண்டு எசென்டன் பெற்ற புள்ளிகளை மறந்தோரும் அவரை மறந்திலர்.

ஆதரவாளரின் வாதங்களை வெறும் வம்பளப்பு என்று நாம் தள்ளாமைக்கு இதுவே காரணம். கழகத்தின் ஏடுகள் வென்றோர் பட்டியலைப் பேணும். விடுபட்டோர் பட்டியலைப் பேணுவது மக்கள் நா ஒன்றே. வீதியிலும் தேநீர்க் கடையிலும், “அவன் என்ன பிழை செய்தான்?” என்று ஒருவர் கேட்கும் கேள்வி, அதிகாரம் உடையோர் கேளாத கேள்வி. அக்கேள்வி உள்ளவரை, நீதி அடியோடு உறங்கிவிடவில்லை.

மூன்றாங் கட்சியாருக்கு வருவோம். இளைஞனுக்கு வழிவிடு என்போர், 2019 ஆம் ஆண்டின் றிச்மண்ட் அணியைக் காட்டுவர். இறுதிப் போட்டிக்கு முந்திய ஆட்டத்தில் ஜாக் கிறகாம் என்னும் வீரர் தோளிற் பெருங்காயம் பட்டும் களத்தை விட்டு நீங்காது ஆடி முடித்தார். ஆனால் இறுதிப் போட்டிக்கு அவரால் இயலவில்லை. அவ்விடத்துக்குக் கழகம் தெரிந்தெடுத்தவர் மார்லியன் பிக்கெற். அவர் முதல்தர ஆட்டம் ஒன்றேனும் ஆடாதவர். அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே கழகத்திற் சேர்க்கப்பட்டவர். இறுதிப் போட்டியே முதற் போட்டியாக அமைந்த வீரர், 1952 ஆம் ஆண்டில் கொலிங்வுட்டுக்கு ஆடிய கீத் பற்சலருக்குப் பின் அவர் ஒருவரே. பிக்கெற் அன்று ஒரு கோல் போட்டுக் களத்தின் சிறந்தோருள் ஒருவராக விளங்கினார்; றிச்மண்ட் 114 புள்ளிகளுக்கு 25 புள்ளிகள் என வென்றது.

இதனைக் கேட்போர், கழகம் கண்ணை மூடிக்கொண்டு சூதாடிற்று என்று எண்ணலாகாது. அதற்கு முந்திய கிழமை, றிச்மண்டின் இரண்டாந் தர அணி தன் போட்டித் தொடரின் இறுதியாட்டத்தை ஆடி வென்றது. அவ்வாட்டத்தின் சிறந்த வீரராகத் தெரிவுசெய்யப்பட்டவர் பிக்கெற்றே. பெரிய மேடையின் பதற்றத்தைச் சிறிய மேடையில் வென்று காட்டியவரையே கழகம் அழைத்தது. மேலும் ஒரு செய்தி: விடுபட்ட கிறகாம், தாமும் ஒருகால் அவ்வாறே வந்தவர். 2017 ஆம் ஆண்டின் இறுதிப் போட்டி அவருக்கு ஐந்தாவது முதல்தர ஆட்டம். அதில் மூன்று கோல் போட்டார். அன்று வழி பெற்றவர் இன்று வழி விடுகின்றார். மரத்திற் பழுத்த ஓலை விழ, குருத்தோலை எழுதல் இயற்கை. எனினும் குருத்தோலையைப் புகழும் வாய், பழுத்த ஓலை தந்த நிழலையும் ஒரு சொல்லாற் போற்றுதல் வேண்டும்.

ஓரத்தில் அமர்ந்திருப்போரை இகழ்வோருக்கு 1970 ஆம் ஆண்டின் இறுதிப் போட்டி நல்ல பாடம். அன்று மெல்பேண் கிறிக்கெற் மைதானத்திற் கூடியோர் 121,696 பேர். இடைவேளையின்போது கார்ல்ரன் கழகம் கொலிங்வுட்டுக்கு 44 புள்ளிகள் பின்தங்கி நின்றது. அக்காலத்தில் வீரரை மாறிமாறி அனுப்பும் முறை இல்லை; அது 1978 ஆம் ஆண்டிலேயே வந்தது. பதினெண்மருக்குப் புறம்பே இருவர் மட்டும் இருப்பர். ஒருவர் உட்சென்றால் வெளியேறியவர் மீள்வதற்கில்லை. பயிற்றுநர் றொண் பராசி, பத்தொன்பதாம் வீரராக இருந்த ரெட் ஹொப்கின்சை இடைவேளையின் பின் அனுப்பினார். அவர் நான்கு கோல் போட்டார். கார்ல்ரன் 111 புள்ளிகளுக்கு 101 புள்ளிகள் என வென்றது. அன்று அரை ஆட்டம் முழுதும் வாங்கில் அமர்ந்திருந்தவர் அவ்வெற்றிக்கு வழிதிறந்தார். அவரே பிற்காலத்தில், இவ்வாட்டத்தின் புள்ளிவிவரங்களைத் திரட்டும் ‘சம்பியன் டேற்றா’ நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். எவருக்கு எத்துணைத் தகுதி என்று எண்ணால் அளக்கும் நிறுவனத்துக்கு வித்திட்டவர், முதற் பதினெண்மருள் இடம்பெறாத ஒருவர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இனி, விடுபட்டோருக்குச் செலுத்தவேண்டிய கடனைப் பற்றிச் சொல்வோம். அவ்வாட்டத்தின் வழக்கப்படி, இறுதிப் போட்டியன்று தெரிவாகி ஆடியோருக்கும் பயிற்றுநருக்குமே பதக்கம் சூட்டப்படும். பருவம் முழுதும் ஆடிக் கடைசி நாளில் விடுபட்டவனுக்கு ஒன்றுமில்லை. 2016 ஆம் ஆண்டில் வெஸ்ரேண் புல்டோக்ஸ் கழகம் சிட்னியை 89 புள்ளிகளுக்கு 67 புள்ளிகள் என வென்றது. முன்னர் அக்கழகம் கிண்ணம் வென்றது 1954 ஆம் ஆண்டில். அறுபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற வெற்றி இது. அணித்தலைவர் பொப் மேர்பியோ அப்பருவத்தின் மூன்றாம் ஆட்டத்திலேயே முழங்காற் காயமுற்று நீங்கியவர். வெற்றி மேடையிற் பயிற்றுநர் லூக் பெவரிட்ஜ், தமக்குச் சூட்டப்பட்ட பதக்கத்தைக் கழற்றி, மேர்பியை மேடைக்கு அழைத்து அவர் கழுத்தில் இட்டார். மைதானம் முழுதும் எழுந்து ஆர்ப்பரித்தது. மேர்பி அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். இறுதிப் போட்டி ஒன்றிலேனும் ஆடும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

பெவரிட்ஜின் செயல் போற்றுதற்குரியது. ஆனால் நீதி ஒருவருடைய பெருந்தன்மையையே நம்பியிருத்தல் ஆகாது. அது விதியாக அமைதல் வேண்டும். விடுபட்டோர்க்கும் பதக்கம் வேண்டும் என்னும் கோரிக்கை அவ்வாதரவாளரிடையே அடிக்கடி எழுவதுண்டு. அதனை மறுப்போர், எல்லாருக்கும் கொடுப்பின் பதக்கத்தின் மதிப்புக் குன்றும் என்பர். அன்று களத்தில் வியர்வை சிந்தியவனும் வெளியே நின்றவனும் ஒன்றோ என்பர். இம்மறுப்பிலும் நியாயம் உண்டு. இங்கிலாந்தின் முதன்மை உதைபந்தாட்டத் தொடரில் 2012 ஆம் ஆண்டு தொடங்கிய பருவம் முதலாக, ஐந்து ஆட்டங்களேனும் ஆடியோருக்கு வெற்றிப் பதக்கம் உரியதாயிற்று. ஆனால் அங்கே கிண்ணம் பருவம் முழுவதன் புள்ளிகளாற் பெறப்படுவது. இங்கே ஒரு நாளின் போராட்டத்தாற் பெறப்படுவது. எனவே அதனை அப்படியே இங்குப் பொருத்துதல் இயலாது.

எம் கருத்து இதுவாகும். இறுதிநாட் பதக்கம் அன்று ஆடியோருக்கே இருக்கட்டும். அதன் அருமை குன்றவேண்டியதில்லை. அதனோடு, அப்பருவத்தில் அணிக்குக் கணிசமாக உழைத்தோர் அனைவருக்கும் வேறொரு சின்னம் வழங்கப்படல் வேண்டும். அதுவும் அதே மேடையில், அதே மக்கள் முன்னிலையில் வழங்கப்படல் வேண்டும். வரும் ஆட்டத்துக்கு எவர் வேண்டும் என்பது ஒரு வினா. கடந்த உழைப்புக்கு எவர் உரியோர் என்பது மற்றொரு வினா. இரண்டையும் ஒரே பட்டியலால் விடுவிக்க முனைவதே இவ்விடர்கள் அனைத்துக்கும் வேர். நன்றியின்பொருட்டுத் தகுதியற்றவனை ஆடவிடின் அணி கெடும். தகுதியின்பொருட்டு விடப்பட்டவனுக்கு நன்றி மறுப்பின் அறம் கெடும். அணியும் கெடாது அறமும் கெடாது இருத்தற்கு, இரண்டு வினாக்களுக்கும் இரண்டு விடைகள் வேண்டும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்துதெளிதல்’, ‘தெரிந்துவினையாடல்’ என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தமை எமக்கு இங்கு நினைவுக்கு வருகின்றது. ஆளைத் தேர்தல் ஒன்று. தேர்ந்தவனிடம் பணியை ஒப்படைத்தல் மற்றொன்று. முன்னதில் உறவும் புகழும் கண்ணை மறைத்தல் கூடும். பின்னதில் ஐயம் கையைத் தடுத்தல் கூடும். ஆராயாது தேர்வதும் தவறு. தேர்ந்தபின் ஐயுறுவதும் தவறு. மெல்பேணின் பயிற்றுநருக்கும் ஆதரவாளருக்கும் இவ்விரு நெறிகளும் பொருந்தும். அணியின் பெயர்ப் பட்டியல் வெளிவரும்வரை வாதிடுக. வெளிவந்த பின், ஆடுபவன் எவனாயினும் அவனை ஊக்குக.

ஆட்டம் முடிந்த பின் தெரிவைப் பற்றி வாதிட விழைவோர் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வாராக. தெரிவு நிகழ்ந்த வேளையில் அறியக்கூடியதாய் இருந்தது யாது? வரவிருந்த எதிரியின் வலிமைக்கு அத்தெரிவு ஏற்றதாய் இருந்ததா? விடுபட்டவனுக்கு அதன் காரணம் நேரிற் சொல்லப்பட்டதா? இம்மூன்றுக்கும் ஆட்டத்தின் முடிவோடு தொடர்பில்லை என்பதைக் கவனிக்க. இவற்றுள் முதலிரண்டும் அறிவைப் பற்றியன. மூன்றாவது பண்பைப் பற்றியது. அறிவிற் குறைந்த தெரிவை அடுத்த கிழமை திருத்திக்கொள்ளலாம். பண்பிற் குறைந்த தெரிவோ முப்பதாண்டு சென்றாலும் ஆறாத புண்ணாய் நிற்கும்.

இம்மூன்றாங் கேள்வியைக் கல்லூரிகளுக்கும் உரியதாக்க விரும்புகின்றோம். துடுப்பாட்ட அணி, உதைபந்தாட்ட அணி, விவாத அணி, நாடகக் குழு என ஒவ்வொரு தவணையிலும் ஆசிரியராகிய நாம் தெரிவாளராகின்றோம். பதினொருவர் பெயரை எழுதும்போது பன்னிரண்டாமவன் பெயரை எழுதாது விடுகின்றோம். அப்பன்னிரண்டாமவன் தன் பெயர் இல்லாமையை அறிவித்தற் பலகையின் முன், தோழர் பலர் சூழ நின்று அறிதல் நன்றன்று. பட்டியல் பலகையில் ஏறுமுன், அவனைத் தனியே அழைத்துக் காரணங் கூறும் கடப்பாடு எமக்குண்டு. ஐந்து நிமிடப் பேச்சு அது. காரணத்தை அவன் ஏற்காமலும் இருக்கலாம். ஆயினும் தன்னை ஒருவர் பொருட்படுத்தினார் என்பதை அறிவான். அவ்வறிவு ஒரு பதக்கத்துக்குக் குறைந்ததன்று.

மாணவச் செல்வர்களே, உங்களுள் ஒருசிலரே வென்ற அணியின் நிழற்படத்தில் நிற்பீர்கள். நிற்பவர்கள், அப்படத்தில் இல்லாதவனுடைய பெயரையும் நினைவில் வையுங்கள். வலைப்பயிற்சியில் உங்களுக்குப் பந்தெறிந்து கை சலித்தவன் அவன். நில்லாதவர்கள், ஒரு பட்டியலை உங்கள் வாழ்வின் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்; ஹொப்கின்சும் டேவிசும் உங்களுக்குத் துணை நிற்பார்கள். அயல்நாடுகளில் வாழும் பழைய மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஊர் வருங்கால் உங்கள் வாதங்களைத் தயங்காது தொடங்குங்கள். கேட்க நாம் இருக்கின்றோம். ஆனால் வென்றவரின் புள்ளிகளைச் சொல்லி முடித்ததும், விடுபட்டவன் எவன் என்பதையும் மறவாது சொல்லுங்கள்.